லாமண்ட் என்று கூப்பிட்டபோது

கிளென்மார் ஊரில் ஆண்கள் இடுப்பில் கட்டும் கில்ட்டைப் பாவாடை என்று சொல்லிவிட்டு யாரும் முழுசாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. அதிலும் நோயல் டன்னிங் காதில் விழுந்தால் தொலைந்தது. எட்டு கெஜத் துணியில் எத்தனை மடிப்பு வரவேண்டும், எந்த மடிப்பில் எந்தக் கோடு நிற்கவேண்டும், ஓரம் முழங்காலில் எங்கே முடியவேண்டும் என்று அவர் ஆரம்பித்தால், கேட்டவன் கையிலிருக்கும் டீ ஆறி அவலாகிவிடும்.

ஊரில் முக்கால்வாசிப் பேர் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி நியூசிலாந்தின் தென்கோடியில் வந்து இறங்கியவர்களின் வாரிசுகள். வருஷம் முழுக்க ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஆடு மாடுகளின் பின்னால் திரிகிறவர்கள், ஜனவரி ஒன்றாம் தேதி மட்டும் பெட்டியைத் திறந்து, அவரவர் குலத்துக் கட்டம் போட்ட கில்ட்டை உதறிக் கட்டிக்கொண்டு விளையாட்டு மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒவ்வொரு குலமும் தன் கொடியோடு நடக்கும் ஊர்வலம். சாயங்காலம் நாலரைக்குப் பெயர் கூப்பிடுவது. கப்பல் வந்த வரிசைப்படி ஒவ்வொரு குலத்தின் பெயரையும் கூப்பிடுவார்கள். அந்தக் குலத்தில் ஒருவர் முன்னால் வந்து "இருக்கோம்" என்று குரல் கொடுக்கவேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராத பெயர் அடுத்த வருஷம் பட்டியலில் இருக்காது.

பெயர் கூப்பிடுகிறவர் கார்டன் முன்ரோ. ஆட்டுச் சந்தையில் நாற்பது வருஷம் ஏலம் போட்ட தொண்டை. பட்டியலில் கடைசிப் பெயர் முன்ரோ. ஊரில் அந்தப் பெயரில் இப்போது அவர் ஒருவர்தான் மிச்சம். அதனால் "முன்ரோ!" என்று தன்னையே கூப்பிட்டு, காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, ஓரடி முன்னால் வந்து "இருக்கோம்!" என்று தானே பதில் சொல்லிக்கொள்வார். வருஷா வருஷம் பார்த்ததுதான், ஆனாலும் வருஷா வருஷம் மைதானமே சிரிக்கும்.

நோயலுக்கு வாசல் உத்தியோகம். ஊர்வலத்துக்குள் நுழைகிறவர்களின் உடுப்பைப் பார்த்து உள்ளே விடுவது. அவருக்கு முன்னால் அந்த வாசலில் முப்பது வருஷம் நின்றவர் ஹெக்டர் லாமண்ட். ஹெக்டர் யாரையும் நிறுத்தியதில்லை. சாக்ஸ் சரிந்திருந்தால் குனிந்து அவரே இழுத்துவிடுவார், "அட, ஜோரா இருக்கே, போ போ" என்பார், அவ்வளவுதான். முட்டி வலி வந்து அவர் விலகிய பிறகு ஒன்பது வருஷமாக நோயல். வந்த முதல் வருஷமே பதினாலு விதிகள் எழுதி அச்சடித்து வாசலில் ஒட்டினார். கையில் ஒரு மர அளவுகோல். வருகிறவர்கள் புல்லில் மண்டியிட வேண்டும், கில்ட்டின் ஓரம் தரையில் படக்கூடாது, பட்டால் நீளம் அதிகம், வெளியே போ. பழைய முறைதான் அது, நோயல் கண்டுபிடித்ததில்லை. ஆனால் ஊரில் அதைக் கேலிக்குத்தான் செய்வார்கள். இவர் சட்டமாக்கினார். ஒருமுறை பாதிரியாரையே மண்டியிடவைத்து, கில்ட்டின் முன்னால் கட்டும் தோல்பை தப்பான இடத்தில் தொங்குகிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்களே, அந்தக் குடைதான் அந்த அளவுகோல்.

இத்தனைக்கும் நோயல் உடம்பில் ஒரு சொட்டு ஸ்காட்லாந்து ரத்தம் கிடையாது.

நாற்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், ஒரு துணிப்பையோடு இறைச்சி ஆலை வேலைக்கு வந்து சேர்ந்தவர். அப்பன் யாரென்று தெரியாது. டன்னிங் என்பது அம்மாவின் பெயர். அவள் லிவர்பூலில் பிறந்தவள். அந்த வருஷப் புத்தாண்டு அன்று ஆலைக் கொட்டகையில் தனியாகப் படுத்துக்கிடந்தவனை, மேஸ்திரியாக இருந்த ஹெக்டர் வந்து எழுப்பி மைதானத்துக்குக் கூட்டிப்போனார். டிரம் சத்தம் கேட்டு அவன் நின்ற நிலையைப் பார்த்திருக்கிறார். அடுத்த வாரமே புத்தாண்டு விழா நடத்தும் சங்கத்து ஆபீசுக்குக் கூட்டிப்போய், "நம்ம பையன்தான். எங்கப்பாவோட ஒன்னுவிட்ட தங்கச்சி பேரன். லாமண்ட் வழி. எழுதிக்கோ" என்று சொல்லிப் புத்தகத்தில் பெயரை ஏற்றிவிட்டார். தன் குலத்துத் துணியில், நீலமும் பச்சையும் நடுவே வெள்ளைக் கோடுமாக ஒரு கில்ட்டும் தைத்துக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டுதான் நோயல் பேண்டு வாத்தியத்தில் டிரம் அடித்தார், மார்கரெட்டைக் கல்யாணம் செய்தார், இரண்டு வருஷம் முன்னால் அவளைக் குழியில் இறக்கினார். அவளிடம்கூட விஷயத்தைச் சொன்னதில்லை. ஹெக்டருக்கும் தனக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் அது என்று இருந்தார்.

போன மார்ச்சில் ஹெக்டர் இறந்துபோனார். ஊரில் வேறு லாமண்ட் இல்லை. ஒரே மகள் ஷீனா இருபத்தைந்து வருஷமாக ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் இருக்கிறாள். சாவுக்கு வந்தாள், போனாள். ஆக இந்தப் புத்தாண்டில் லாமண்ட் கொடியைத் தூக்குவதும், லாமண்ட் பெயருக்குக் குரல் கொடுப்பதும் நோயலின் பொறுப்பு. ஒன்பது மாதமாக அதே நினைப்பு. குளியலறையில் கண்ணாடியைப் பார்த்து "இருக்கோம்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். சத்தமாக ஒரு தடவை, கம்பீரமாக ஒரு தடவை.

அன்று காலை தெற்குக் காற்று. தென்றல் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஊருக்குத் தெற்கே பனிக்கட்டியைத் தவிர ஒன்றும் கிடையாது. அங்கிருந்து நேராக வருகிற காற்று, கில்ட்டுக்குள் புகுந்து குசலம் விசாரித்துவிட்டுத்தான் போகும். தூறல் வேறு. புல் சொதசொதவென்று கிடந்தது. வாசலில் நாற்பது ஐம்பது பேர் வரிசையில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சீக்கிரம்யா நோயல், உறைஞ்சு போகுது."

"எது உறையுது?"

"அதைச் சொல்ல முடியாது, பொம்பளைங்க இருக்காங்க!"

சிரிப்பு. நோயல் சிரிக்கவில்லை. அடுத்த ஆள் மண்டியிட்டார், அளந்தார், விட்டார். நிமிர்ந்து பார்த்தால் வரிசையில் அடுத்து நிற்பது ஷீனா.

அப்பாவின் கில்ட்டைக் கட்டியிருந்தாள். வெள்ளைக் கோடு கழுத்துப்பட்டை மாதிரி பழுப்பேறிப்போன, ஐம்பத்தெட்டுப் புத்தாண்டு பார்த்த அதே கில்ட். ஹெக்டர் ஆறடி இரண்டு அங்குலம், மகள் அவர் தோளுக்கு வருவாள். இடுப்பில் இரண்டு சுற்று பெல்ட் போட்டு இறுக்கியும் ஓரம் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. மூக்கு குளிரில் சிவந்திருந்தது. நோயலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"நோயல்! எப்படியிருக்கீங்க?"

"வா ஷீனா. சொல்லாம கொள்ளாம வந்திருக்கே."

"நேத்து ராத்திரிதான் வந்தேன். இன்னிக்கே திரும்பணும். அப்பாவோடத கட்டிக்கிட்டு ஒரு சுத்து நடக்கணும், அவ்வளவுதான்."

நோயலுக்கு நெஞ்சுக்குள் ஒன்று சந்தோஷமாக எழுந்தது உண்மை. உடனே இன்னொன்று அதன் தலையில் ஏறி உட்கார்ந்தது. ஷீனா உள்ளே போனால் கொடி அவள் கைக்குப் போகும். சாயங்காலம் குரல் கொடுப்பதும் அவள்தான். அசல் லாமண்ட் வந்து நிற்கும்போது, ஒன்னுவிட்ட தங்கச்சி பேரனுக்கு அங்கே என்ன வேலை?

"மண்டி போடும்மா" என்றார்.

ஷீனா ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். பிறகு சிரித்தபடியே ஈரப் புல்லில் மண்டியிட்டாள். கில்ட்டின் ஓரம் நாலு பக்கமும் சேற்றில் படிந்தது. நோயல் குனிந்து அளவுகோலை வைத்தார். எதற்கு வைத்தாரோ, நீளம் அதிகம் என்பது கண்ணிருக்கிற யாருக்கும் தெரியும்.

"ரெண்டரை அங்குலம் கூடுதல். அதோட இது ஆம்பளைங்க கட்டு, பக்கிள் வலது பக்கம் இருக்கு. பொம்பளைங்களுக்கு இடது பக்கம் வரணும். ஆறாவது விதி, போர்டுல இருக்கு."

"தெரியும் நோயல், அப்பாவோடது இல்லையா? ஒரே ஒரு சுத்துதான்."

பின்னாலிருந்து யாரோ, "விடுய்யா, ஹெக்டர் பொண்ணுய்யா" என்றார்கள். இன்னொரு குரல், "யோவ், உனக்கு மனசே இல்லையா?" என்றது.

அந்தக் குரல்தான் நோயலை இன்னும் கெட்டிப்படுத்தியது. எல்லார் முன்னாலும் இறங்கிப்போவதா? "யாரா இருந்தாலும் சட்டம் சட்டம்தான். போன வருஷம் பாதிரியாரையே திருப்பி அனுப்பினேன். அடுத்த வருஷம் சரியா தைச்சுக் கட்டிக்கிட்டு வாம்மா, நானே உள்ளே கூட்டிப் போறேன்" என்றார். குரலில் தேன் வேறு.

ஷீனா எழுந்தாள். இரண்டு முட்டியிலும் சேறு. தட்டிவிடக்கூட இல்லை. நோயலின் இடுப்பைப் பார்த்தாள், அவர் கட்டியிருந்த கில்ட்டைப் பார்த்தாள்.

"உங்களுக்கு நல்லா பொருந்தியிருக்கு நோயல்" என்றாள் மெதுவாக. "அப்பா சொல்லிக்கிட்டே இருப்பார், இந்தத் துணி என்னைவிட நோயலுக்குத்தான் பொருத்தம்னு."

சொல்லிவிட்டு வரிசையை விட்டு விலகிப் போனாள். அதற்குப் பிறகு நோயல் யாரையும் மண்டியிடச் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்று மீதிப்பேரை அப்படியே உள்ளே விட்டார். அது இன்னும் மோசமாகப் பட்டது.

ஊர்வலம் கிளம்பியது. தோல்பை வைத்து ஊதும் பதினாறு பைப்பும் சேர்ந்து முழங்க, டிரம் விழ, நோயல் லாமண்ட் கொடியோடு நடந்தார். முதல் ஐம்பது கெஜம் சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். மேற்குப் பக்கக் கயிற்றோரம் திரும்பும்போது ஷீனா தெரிந்தாள். கில்ட்டின்மேல் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு நின்றாள். லாமண்ட் கொடி நெருங்கியதும் கை தட்டினாள். கொடியைப் பார்த்துத் தட்டினாளா, தன்னைப் பார்த்தா என்று நோயலுக்குத் தெரியவில்லை. கிண்டலாக இருந்தால் பொறுத்திருக்கலாம். அவள் முகத்தில் கிண்டல் இல்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். நல்லா பொருந்தியிருக்கு என்றாளே, அது என்ன பேச்சு? ஹெக்டர் மகளிடம் சொல்லியிருப்பாரா? சொல்லியிருந்தால், அந்த வாசலில் ஐம்பது பேர் முன்னால் அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே. "நீங்க யாரு நோயல், என்னை நிறுத்த?" அவ்வளவுதான். நோயல் அந்த இடத்திலேயே முடிந்திருப்பார். சொல்லவில்லையே. சேற்று முட்டியோடு எழுந்து, நல்லா பொருந்தியிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாளே.

மத்தியானம் நீள மரக்கம்பத்தைத் தூக்கி எறிந்தார்கள், குண்டு வீசினார்கள், சின்னப் பெண்கள் தரையில் வைத்த வாள்களைத் தாண்டித் தாண்டி ஆடினார்கள். நோயல் ஒன்றையும் பார்க்கவில்லை. சுருட்டிச் சுட்ட சீஸ் ரொட்டி ஒன்றை யாரோ கையில் கொடுத்தார்கள். அது ஆறி, வெண்ணெய் விரலிடுக்கில் உறைந்துபோனது. வாசலை எட்டிப் பார்த்தார். அவருடைய விதிகள் மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தன. ஏன் அவளை விடவில்லை என்று தன்னையே கேட்டார். சட்டம் என்றது மனசு. பொய். ரகசியம் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் என்றது. அதுவும் முழுசாக உண்மை இல்லை. கொடி வேண்டும். குரல் கொடுக்கவேண்டும். அதுதான். அப்பனைப் பறிகொடுத்த பெண்ணிடமிருந்து அந்த ஒரே நாளையும் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்.

மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தேடினார். கயிற்றோரம் இல்லை, கார்கள் நிற்குமிடத்தில் இல்லை. டீக் கூடாரத்துக்குப் போனார். அங்கே ஜெஸ்ஸி கெடஸ் பெரிய கெட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எழுபத்தைந்து வயது. சங்கத்துப் புத்தகத்தை எழுதுவது ஐம்பது வருஷமாக அவள்தான்.

"ஜெஸ்ஸி, ஷீனாவைப் பார்த்தியா?"

"பார்த்தேன். போயிட்டா. ஃபிளைட்டு நாலு மணிக்கு. இந்நேரம் இன்வர்கார்கில் ஏர்போர்ட்டுலேர்ந்து கிளம்பியிருக்கும்." ஜெஸ்ஸி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "இதுக்காகவே வந்தவ. ஒரே ஒரு நாள் லீவு போட்டுக்கிட்டு."

ஜெஸ்ஸி மேஜைக்கு அடியிலிருந்து பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"உனக்குத்தான்."

"என்ன இது?"

"பிரிச்சுப் பாரு."

காகிதத்துக்குள் ஹெக்டரின் கில்ட் இருந்தது.

"என் காருக்குள்ள பேன்ட் மாத்திக்கிட்டு இதைக் குடுத்துட்டுப் போனா. அப்பன் சாகறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தானாம். புத்தாண்டு அன்னிக்கு இதைக் கட்டிக்கிட்டு ஒரு சுத்து நட, நடந்து முடிச்சதும் நோயல்கிட்ட குடுத்துடு. அவனுக்கு இடுப்பு பெருத்துப்போச்சு, பழசு இழுத்துக்கிட்டு நிக்குது, வெட்கப்பட்டுக்கிட்டு கேக்க மாட்டான். என்னுதுல மடிப்பைப் பிரிச்சா துணி தாராளமா வரும்னு."

நோயல் கில்ட்டைத் தொட்டார். ஓரம் ஈரமாக இருந்தது.

"ஓரத்துல சேறு பட்டிருக்கு, துவைச்சுத் தர நேரமில்ல, மன்னிச்சுக்கச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போனா" என்றாள் ஜெஸ்ஸி.

அந்தச் சேறு எப்படி வந்தது என்று இருவருக்கும் தெரியும். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு அங்கேயே சாகலாம் போலிருந்தது நோயலுக்கு. பெஞ்சில் உட்கார்ந்தார். உட்காரும்போது, ஹெக்டர் சொன்னது போலவே, இடுப்புப் பட்டை இழுத்துப் பிடித்தது.

"ஜெஸ்ஸி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் லாமண்ட் இல்ல. எந்த வழியிலும் இல்ல. ஹெக்டர் எனக்காகப் பொய் சொன்னார்."

"தெரியும்."

"தெரியுமா?"

"எழுதினதே நான்தானே! ஹெக்டர் அப்பா ஒத்தைப் பிள்ளை. அவருக்குக் கூடப் பிறந்ததும் கிடையாது, ஒன்னுவிட்டதும் கிடையாது. இந்த ஊர்ல எந்த ஆடு எந்தக் கிடாவுக்குப் பிறந்ததுன்னு சொல்ற ஆளுங்க நாங்க, மனுஷ உறவு தெரியாதா? கார்டனுக்குத் தெரியும். பாதிரியாருக்குத் தெரியும். மார்கரெட்டுக்குத் தெரியும்."

"மார்கரெட்டுக்குமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். நீயா சொல்லுவேன்னு பார்த்தா. நீ சொல்லல. சரி, அது அவருக்கு அவ்வளவு பெரிசுபோலன்னு விட்டுட்டா."

முப்பத்தாறு வருஷம் ஒரே படுக்கையில் கிடந்தவள். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அந்தக் கில்ட்டை ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்து கொடுத்தவள். தெரிந்தே செய்து கொடுத்திருக்கிறாள்.

"ஏன் ஒருத்தரும் என்கிட்ட சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? பையன் நல்லா டிரம் அடிச்சான். துணி நல்லா இருந்திச்சு. கட்டிக்கிட்டா கட்டிக்கிட்டுப் போறான்னு விட்டோம்."

"நாற்பத்திமூணு வருஷத்துல ஒருத்தர்கூட என்னை வாசல்ல நிறுத்தலையே ஜெஸ்ஸி. நான் ஒன்பது வருஷமா ஊரையே மண்டி போட வெச்சேன். அப்பவாவது, டேய் நீ யாருடான்னு கேட்டிருக்கலாமே!"

ஜெஸ்ஸி துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "கேட்டிருக்கணும்தான். எங்க தப்பு அது. நாங்க கேக்கப் போனோம், ஹெக்டர் விடல. விடு ஜெஸ்ஸி, அவனுக்கு அது வேண்டியிருக்குன்னான். ஹெக்டர் பொண்ணையே நிறுத்துவேன்னு நாங்க என்னத்தைக் கண்டோம்?"

வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. கார்டன் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"எழுந்திரு. பேரு கூப்பிடப் போறான். போய்க் குரல் குடு" என்றாள் ஜெஸ்ஸி.

"நானா? இதுக்கப்புறமுமா?"

"வேற யாரு இருக்கா? மூணு தடவை கூப்பிட்டு ஆள் இல்லைன்னா பேரை எடுத்துடுவாங்க. செத்த வருஷத்திலேயே ஹெக்டர் பேரு போகணுமா? உனக்குக் கூச்சமா இருக்குன்னு அவன் பேரைத் தொலைச்சுடாதே."

நோயல் பொட்டலத்தை அணைத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார். "இருக்கோம்" என்றால், அது ஷீனாவின் வாயிலிருந்து பிடுங்கிய வார்த்தை. வாயை மூடிக்கொண்டால், தன்னை நம்பிக் குலத்தையே தூக்கிக் கொடுத்த மனிதரின் பெயர் இன்றோடு போகும். இரண்டில் எதைச் செய்தாலும் ஹெக்டருக்குத் துரோகம். இப்படி ஒரு முட்டுச்சந்தில் தன்னை நிறுத்தியது வேறு யாருமில்லை, தன் கையிலிருந்த அளவுகோல்தான் என்பதும் தெரிந்தது.

எல்லாரும் பெரிய வட்டமாக நின்றார்கள். தூறல் விட்டிருந்தது, காற்று விடவில்லை. கார்டன் மேடையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கெடஸ் என்றபோது ஜெஸ்ஸி கூடார வாசலிலிருந்தே டீத்துணியை ஆட்டி "இருக்கோம்" என்றாள். பெயர்கள் போய்க்கொண்டேயிருந்தன.

"லாமண்ட்!"

நோயல் ஓரடி முன்னால் வந்தார். ஒன்பது மாதமாகக் கண்ணாடி முன்னால் பழகிய வார்த்தை தொண்டைவரை வந்து நின்றது. சுற்றிலும் முகங்கள். எல்லாருக்கும் தெரியும் என்பது இப்போது அவருக்குத் தெரியும். பைப் ஊதுகிறவர்கள், பால்காரர், தான் திருப்பி அனுப்பிய பாதிரியார், அத்தனை பேரும் அவர் "இருக்கோம்" என்று சொல்லப்போவதைக் கேட்கத் தயாராக நின்றார்கள். கேட்டுவிட்டுக் கைதட்டவும் தட்டுவார்கள். அந்த நல்ல குணத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"லாமண்ட்!" என்றார் கார்டன், இரண்டாவது தடவை. நோயலைப் பார்த்து, சொல்லேன்யா என்பது போலத் தலையை அசைத்தார்.

நோயல் பொட்டலத்தைப் பிரித்தார். காகிதம் காற்றில் பறந்துபோனது. ஹெக்டரின் கில்ட்டை, சேறு பட்ட ஓரம் எல்லாருக்கும் தெரியும்படி, இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தார்.

மூன்றாவது தடவை கார்டன் கொஞ்சம் தயங்கித்தான் கூப்பிட்டார். "லாமண்ட்!"

"வந்திருந்தாங்க" என்றார் நோயல். குரல் கண்ணாடி முன்னால் வந்தது மாதிரி வரவில்லை, உடைந்து வந்தது. "ஹெக்டர் பொண்ணு ஷீனா வந்திருந்தா. அப்பனோட கில்ட்டைக் கட்டிக்கிட்டு, கடல் தாண்டி, ஒரு சுத்து நடக்க வந்திருந்தா. நான்தான் சேத்துல மண்டி போட வெச்சு, திருப்பி அனுப்பினேன். சட்டத்துக்காக இல்ல. அவ இடத்துல நான் நிக்கணும்னு."

கொடிகள் படபடத்தன. யாரோ ஒரு பெண், "ஐயோ நோயல்" என்றாள், அதட்டலா பரிதாபமா என்று தெரியாத குரலில்.

கார்டன் காகிதத்தையும் நோயலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நாற்பது வருஷ ஏலத்தில் அவர் இப்படித் திணறியதில்லை. ஒலிபெருக்கியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இப்ப நான் என்னய்யா எழுதறது? வந்ததுன்னா, வரலைன்னா?" என்றார்.

"வந்ததுன்னு எழுது" என்றார் நோயல். "திருப்பி அனுப்பினவன் பேரைப் பக்கத்திலேயே எழுது. டன்னிங்னு எழுது."

கார்டன் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார். இரண்டு வரி எழுத அவ்வளவு நேரம் ஆகாது, ஆனாலும் ஆனது. அதுவரை நோயல் கில்ட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். ஈரத்தில் எட்டு கெஜமும் கனத்தது, ஆனாலும் இறக்கவில்லை.

பட்டியலில் மிச்சமிருந்தது ஒரே பெயர். "முன்ரோ!" என்று கூப்பிட்டார் கார்டன். காகிதத்தைக் கீழே வைத்தார். ஓரடி முன்னால் வந்து, "இருக்கோம்" என்று தானே பதில் சொன்னார். அந்த வருஷம் யாரும் சிரிக்கவில்லை.